தரையைத் தொட்ட கை

அத்தியாயம் 6

மூன்று நாளில் அந்தப் புகைப்படத்தை எத்தனை முறை பார்த்திருப்பாய் என்று யாராவது கேட்டால், சொந்தக் கல்யாண ஆல்பத்தைக்கூட அத்தனை முறை புரட்டியதில்லை என்பான் பிளாஷ். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பதினோரு வருடம் போட்டோ ஸ்டுடியோ நடத்தி, ஆளாளுக்குக் கையில் கேமரா வந்ததும் கடையை இழுத்து மூடியவனுக்கு அந்தப் பட்டப்பெயர் மட்டும் மிச்சம். இப்போது அவன் ஸ்டெனோ மேடத்தின் உதவியாளன். மேடம் இருபத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக உட்கார்ந்து, அடுத்தவர் சொன்ன பொய்களையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் எழுதியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே துப்பறியக் கிளம்பிவிட்டார். எழுதின கடனைத் தீர்க்க வேண்டாமா என்பார்.

படத்தில் இருப்பது இவ்வளவுதான். முன்னால், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு பெண். அவளுக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு உட்கார்ந்திருக்கும் புத்தர். புத்தருக்கு இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு கதவுகள். இடது பக்கக் கதவுக்குள் நுழைகிற ஒரு நீலக் கோட்டின் முதுகு. எடுத்த நேரம் திங்கட்கிழமை மாலை நாலு பத்து.

அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் புத்தரைப் பார்த்து நின்றால் இடது கதவுக்குப் பின்னால் பின்படிக்கட்டு, வலது கதவுக்குப் பின்னால் வார்ப்பறை. நாலு பத்து வாக்கில் பின்படிக்கட்டில் இரண்டு ஆண்கள் சத்தம் போட்டது, கீழே நடையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணின் காதில் விழுந்திருந்தது. பெரிய மனிதர்கள் சண்டை நமக்கெதற்கு என்று அவள் அந்தப் பக்கம் போகவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துப் போனபோது படிக்கட்டின் அடியில் தலைமைக் காப்பாளர் மண்டை உடைந்து கிடந்தார். இன்று வியாழன். காலையில் மருத்துவமனையில் அவர் உயிர் போய்விட்டது. தள்ளிவிட்ட வழக்கு கொலை வழக்காகிவிட்டது.

போலீஸ் பிடித்து உள்ளே வைத்திருப்பது வார்ப்புக்காரரை. வெவ்வேறு நாட்டுச் சிலைகளுக்கு அச்சு எடுத்து, பிளாஸ்டரில் பிரதி வார்ப்பது அவர் வேலை. வார்ப்பு ஒன்று விரிசல் விட்டதற்காகத் திங்கட்கிழமை காலையில்தான் தலைமைக் காப்பாளரிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் என் அறைக்குத்தான் போனேன் என்று அவர் சொல்ல, படம் படிக்கட்டுக்குப் போனதாகச் சொன்னது. விசாரணைக்கென்று வைத்திருந்தவரை இன்றுதான் கைது காட்டினார்கள், நாளை காலை கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள்.

மேடத்தைத் தேடி வந்தது வார்ப்புக்காரரின் மனைவி. தையல் வேலை செய்பவள். அருங்காட்சியகத்து நீலக் கோட்டுகள் அத்தனையும் அவள் தைத்துக் கொடுத்தவை. இன்ஸ்பெக்டர் படத்தைக் காட்டியபோது, முதுகு நடுவில் இருந்த ஒட்டுத்துணியைப் பார்த்துவிட்டு, "இது எங்க வீட்டுக்காரர்தான் சார், இந்த ஒட்டு நான் போட்டது" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது கணவன் கழுத்துக்குச் சுருக்கு என்று புரிந்தது. அன்றிலிருந்து மணிக்கு ஒரு தடவை பிளாஷுக்குப் போன் செய்கிறாள். எடுத்தால் வேறு எதுவும் பேசுவதில்லை, ஏதாவது தெரிந்ததா என்று மட்டும் கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் பிளாஷ் நொந்து போயிருந்தான்.

"மேடம், உண்மை சொன்னதுக்குத் தண்டனை குடுக்கற ஊர்ல நமக்கு என்ன பொழப்பு?" என்றான், கூடத்துக்குள் நுழைந்ததும்.

"பொய் சொன்னவங்களைப் பிடிக்கறதுதான் பொழப்பு. வாயை மூடிட்டுப் பாரு."

இரண்டாவதைச் செய்வது எளிது. கூடம் முழுக்கப் புத்தர்கள். கொலை வழக்கில் சிக்கிய இடம் என்று பொதுமக்களை அனுமதிக்கவில்லை. அவர்களோடு இருந்தது வழிகாட்டிப் பெண் ஒருத்திதான், படத்தில் பல்லைக் காட்டியவள். வேலைக்குச் சேர்ந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை அம்மாவுக்கு அனுப்பத் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம் ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தது.

"வர்றவங்களுக்கு என்ன சொல்லுவியோ அதை எங்களுக்கும் சொல்லும்மா. முதல்ல இருந்து" என்றார் மேடம்.

அவள் மனப்பாடம் ஒப்பித்தாள். புத்தர் மறைந்து பல நூறு வருடம் அவருக்கு உருவமே செதுக்கவில்லை. அவர் இருக்க வேண்டிய இடத்தில் காலியாக ஓர் ஆசனம், ஒரு மரம், இரண்டு பாதங்கள். பிறகு சிற்பிகள் உருவம் செய்யத் தொடங்கினார்கள். போதனை மலை தாண்டியும் கடல் தாண்டியும் போகப் போக, அந்தந்த நாட்டுச் சிற்பி தனக்குத் தெரிந்த முகத்தை அவருக்கு வைத்தான். ஓரிடத்தில் சுருள்முடி, ஓரிடத்தில் நீண்ட கண், ஓரிடத்தில் எலும்பும் தோலுமாகப் பட்டினி உடம்பு.

"அப்போ எங்க தெருவுல செஞ்சிருந்தா எங்க ஹவுஸ் ஓனர் முகம் வந்திருக்கும். அமைதி கிடைக்கறது கஷ்டம்தான்" என்றான் பிளாஷ்.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. "முகம் மாறும் சார். துணி மடிப்பு மாறும். கை மட்டும் மாறாது. முகத்தைப் பார்த்தா எந்த நாடுன்னு தெரியும், கையைப் பார்த்தா என்ன சொல்றார்னு தெரியும். துணைக் காப்பாளர் சார் முதல் நாளே சொல்லிக் குடுத்தார். இங்க இருக்கற லேபிள் எல்லாம் அவர் எழுதினதுதான்."

துணைக் காப்பாளர் வேறு யாருமல்ல, வார்ப்புக்காரரின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். தங்கை கணவனுக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். இந்த மூன்று நாளாகத் தங்கை வீட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் அலைந்துகொண்டிருப்பவரும் அவர்தான்.

"இந்தப் பெரியவர் என்ன சொல்றார்?" மேடம் நடுவில் இருந்த சிலையைக் காட்டினார்.

"ஞானம் அடையறதுக்கு முன்னாடி மாரன்னு ஒருத்தன் வந்து அவரைக் குலைக்கப் பார்க்கறான் மேடம். இந்த இடத்துல உட்கார உனக்கு என்ன தகுதி, உனக்கு யார் சாட்சின்னு கேட்கறான். சுத்தி ஒரு ஆள் இல்லை. அவர் ஒண்ணும் பேசலை. கையை நீட்டித் தரையைத் தொடறார். இந்த மண்ணுதான் எனக்குச் சாட்சின்னு அர்த்தம்."

பிளாஷ் சும்மா இருப்பானா? கையில் இருந்த படத்தைப் பார்த்தபடி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஒரு கையை மடியில் வைத்து, மற்றதை முழங்கால் மேலாகத் தொங்கவிட்டு விரல் நுனியால் தரையைத் தொட்டான். "எப்படி இருக்கேன்? தொப்பையை விட்டுருங்க."

"சார், கை மாறியிருக்கு" என்றாள் அவள். "இடது கை மடியில இருக்கணும். வலது கைதான் தரையைத் தொடணும். எந்த நாடானாலும் வலதுதான்."

"என்னையாம்மா சொல்றே? எதிர்ல உட்கார்ந்தவங்களுக்கு 'உங்க இடது கையை மடியில வைங்க, வலது தோளை இறக்குங்க'ன்னு பதினோரு வருஷம் சொல்லிப் பழகினவன். படத்துல எப்படி இருக்கோ அப்படியேதான் வச்சிருக்கேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. படத்தைப் பார்த்தான், சிலையைப் பார்த்தான். சிலையின் வலது கை தரையில் இருந்தது. படத்தில் இருந்த அதே சிலையின் இடது கை தரையில் இருந்தது.

"பொண்ணு, இங்க வா. உன் புருவத்து மச்சம் எந்தப் பக்கம்?"

அவள் விரலை வைத்துக் காட்டினாள். இடது புருவம். படத்தில் அது வலது புருவத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. போனின் முன்பக்கக் கேமரா, கண்ணாடியில் தெரிகிற மாதிரியே இடவலம் மாற்றிப் பதிந்து வைத்திருந்தது. அவளுக்கோ அது தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம், வித்தியாசமே தெரியவில்லை. எழுத்துப் பலகை ஏதாவது பின்னால் இருந்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவு, ஒரே மாதிரித் தூண். காட்டிக்கொடுத்தது, எந்த நாட்டிலும் மாறாத அந்த ஒரு கைதான்.

"படம் தலைகீழ் இல்லை மேடம், பக்கம் மாறியிருக்கு. கோட்டு போட்ட மனுஷன் படிக்கட்டுக்குப் போகலை. வலது கதவுக்குத்தான் போறார், வார்ப்பறைக்கு. முதல்ல இருந்தே அவர் சொன்னது நிஜம்." பிளாஷ் எழுந்து நின்றான். "போட்டோக்காரன்னு சொல்லிக்கிட்டு மூணு நாளா இதை வச்சுக்கிட்டுச் சுத்தியிருக்கேன். என்னைச் செருப்பால அடிக்கணும்."

"அப்புறமா அடிக்கலாம். இப்போ உட்காரு."

"அந்தம்மாவுக்குப் போன் பண்ணிடறேன் மேடம்."

"உட்காருன்னு சொன்னேன்."

மேடத்தின் முகத்தில் வெற்றிக் களையே இல்லை. பையிலிருந்து சுருக்கெழுத்து நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். பிறகு அதை மூடிவிட்டு, பிளாஷிடம் சிலையை நேராக நின்று ஒரு படம் எடுக்கச் சொன்னார். அதைப் பக்கம் மாற்றி, கீழே சிலையின் லேபிளில் உள்ள வரிகளை அப்படியே போட்டு, அடுத்த தெரு அச்சகத்தில் துண்டறிக்கை மாதிரி ஒன்று அடித்து வாங்கி வரச் சொன்னார். இன்ஸ்பெக்டருக்கு விளக்கிக் காட்டத்தான் என்று நினைத்துக்கொண்டு பிளாஷ் ஓடினான்.

ஒரு மணி நேரம் கழித்து இருவரும் துணைக் காப்பாளரின் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சின்ன அறை. மேஜை கொள்ளாமல் அச்சுப் பக்கங்கள். புத்தர் சிலைக் கண்காட்சியை ஒட்டி வரவிருக்கும் தடித்த புத்தகம் அது, ஒரே போதனை ஆசியா முழுக்க எப்படிக் கல்லிலும் மரத்திலும் ஓவியத்திலும் உருமாறிப் போனது என்பதைப் பற்றியது. பிளாஷுக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. மெதுவாகப் பேசுவார். கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது.

"மாப்பிள்ளைக்கு நல்ல வக்கீலாப் பார்த்துட்டேன்" என்றார். "தங்கச்சியைத்தான் சமாளிக்க முடியலை. நீங்க வீணா அலையறீங்களோன்னு எனக்குக் கஷ்டமா இருக்கு மேடம்."

"அலைச்சல் பழகிப்போச்சு சார்" என்றார் மேடம்.

கதவைத் தட்டிவிட்டு வழிகாட்டிப் பெண் உள்ளே வந்தாள். "அச்சகத்துல இருந்து வந்திருக்கு சார்" என்று ஒரு தாளை நீட்டிவிட்டுப் போனாள். பிளாஷ் தன் கைவண்ணத்தை அடையாளம் கண்டு வாயைத் திறக்கப் போனான். மேஜைக்கு அடியில் மேடத்தின் செருப்பு அவன் காலை மிதித்தது.

துணைக் காப்பாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். தாளைப் பார்த்தார். மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை, உச்சுக்கொட்டினார். "படத்தைத் திருப்பிப் போட்டு வச்சிருக்கான் பாருங்க. கண்ணு தெரியாதவங்க மாதிரி." சிவப்புப் பேனாவை எடுத்து ஓரத்தில் விறுவிறுவென்று எழுதினார். "வலது கைதான் தரையை" என்பது வரைக்கும் பேனா ஓடியது. அங்கே நின்றது.

அப்போதுதான் பிளாஷுக்கு மேடம் ஏன் சிரிக்கவில்லை என்று புரிந்தது.

"முழுசா எழுதிடுங்க சார்" என்றார் மேடம்.

அவர் எழுதவில்லை. மேடம் போலீஸ் கொடுத்த அந்தப் படத்தை எடுத்துத் துண்டறிக்கையின் மேல் வைத்தார். நோட்டைப் பிரித்து, இன்ஸ்பெக்டர் அனுமதியோடு குறித்து வைத்திருந்த, துணைக் காப்பாளரின் வாக்குமூலத்தை ஏற்ற இறக்கமில்லாமல் படித்தார். "'படத்தை நன்றாகப் பார்த்தேன். இது எங்கள் கூடம்தான். ஆள் நுழைவது பின்படிக்கட்டுக் கதவு.' செவ்வாய்க்கிழமை காலை. பதினஞ்சு நிமிஷம் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"பதற்றத்துல இருந்தேன். கவனிச்சிருக்க மாட்டேன்."

"இன்னிக்குக் காலையில உங்க மேலதிகாரி செத்துப் போயிருக்கார். உங்க மாப்பிள்ளை லாக்கப்ல இருக்கார். இன்னிக்குப் பதற்றம் இல்லையா?"

அவர் துண்டறிக்கையைக் கவிழ்த்து வைத்தார்.

"இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு தன் முகத்தைத்தான் பார்த்தா. உங்க தங்கச்சி ஒட்டுத்துணியைப் பார்த்தாங்க. போட்டோ பிடிச்சே வாழ்ந்த இவனுக்கே மூணு நாள் ஆச்சு. தப்பான கையைப் பார்த்ததும் பல் கூசற மாதிரி கூசற ஆள் இந்தக் கட்டடத்துலயே நீங்க ஒருத்தர்தான். அது எப்படி சார் அன்னிக்கு மட்டும் கூசலை?" மேடம் மேஜையைக் கையால் காட்டினார். "இன்னொண்ணு. இங்க புத்தகத்தோட எல்லாப் பக்கமும் இருக்கு. அட்டை மட்டும் இல்லை."

துணைக் காப்பாளர் வெகுநேரம் சிவப்புப் பேனாவின் மூடியைத் தேடினார். அது கண் முன்னால்தான் கிடந்தது. கடைசியில் இழுப்பறையைத் திறந்து, கசங்கி ஓரம் கிழிந்த ஒரு தாளை வெளியே வைத்தார். புத்தகத்தின் அட்டை. அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது. செத்துப் போனவரின் பெயர்.

"இருபது வருஷம்" என்றார். "ஒவ்வொரு வரியும் நான் எழுதினது. திங்கட்கிழமை சாயங்காலம்தான் அட்டை வந்தது. படிக்கட்டுல நிறுத்திக் கேட்டேன். சிரிச்சார். 'எதையும் என்னுடையதுன்னு பிடிச்சுக்காதே, அங்கதான் துக்கம் ஆரம்பிக்குதுன்னு நீதானேய்யா லேபிள் எழுதியிருக்கே. எழுதினா போதுமா'ன்னு கேட்டார். நான் தள்ளலை மேடம். அட்டையைப் பிடுங்கினேன். அவர் விடலை. கிழிஞ்சது. அவர் விழுந்துட்டார்."

"மூச்சு இருந்ததா?"

"இருந்தது."

"யாரையும் கூப்பிடலை."

"மேலே நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துக்கிட்டேன். புத்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டேன்." "மறுநாள் அந்தப் படத்தை நீட்டினாங்க. பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. யாராவது ஒருத்தர், படம் மாறியிருக்குன்னு சொல்லிடுவாங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன். சொல்லியிருந்தா நானும் ஆமான்னு சொல்லியிருப்பேன். யாருமே சொல்லலை. பேனாவைக் குடுத்தாங்க."

பிளாஷுக்கு அந்த மனிதர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவரைப் பிடித்திருந்ததே என்று தன் மேலும் வந்தது. நாக்கு நுனியில் எப்போதும் தயாராக நிற்கிற நையாண்டி ஒன்றுகூட வரவில்லை.

மேடம் எழுந்து கதவைத் திறந்தார். வெளியே நடையில், பிளாஷ் அச்சகத்துக்கு ஓடிய நேரத்தில் மேடம் வரவழைத்திருந்த இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பிளாஷின் போன் அடித்தது. மணிக்கு ஒரு தடவை வருகிற போன்.

மேடம் தலையசைத்தார். அவன் எடுத்தான்.

"ஏதாவது தெரிஞ்சுதாண்ணே?"

"தெரிஞ்சுதும்மா. உங்க வீட்டுக்காரர் மேல தப்பில்லை. அவர் அவரோட ரூமுக்குத்தான் போயிருக்கார். விட்டுடுவாங்க."

மறுமுனையில் அவள் அழுத அழுகை அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. மூன்று நாள் அடக்கி வைத்தது. கொஞ்சம் தெளிந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "எங்க அண்ணன் பக்கத்துல இருக்காராண்ணே? அவர்கிட்டக் குடுங்க. எனக்காக அலைஞ்சே பாதி ஆளாயிட்டார். நான்தான் அவருக்குச் சொல்லணும்."

பிளாஷ் மேடத்தைப் பார்த்தான். மேடம் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிளாஷ் போனை மேஜை மேல் நீட்டினான்.

துணைக் காப்பாளர் இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தார். அவள் என்னவெல்லாமோ சொல்லிக்கொண்டே போனாள். ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்பது மட்டும் தெளிவாக விழுந்தது.

"அம்மாடி" என்றார் அவர். "கொஞ்சம் கேளு. அந்தப் படம் மாறியிருக்குன்னு எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமையே தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். படிக்கட்டுல அவர்கூட இருந்தது நான்."

அவள் வைத்துவிட்டாளோ என்று பிளாஷ் எட்டிப் பார்த்தான். திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் "அம்மாடி, அம்மாடி" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். பிறகு அவள் ஏதோ சொன்னாள் போலும், போனைக் காதிலிருந்து எடுத்துப் பிளாஷிடம் திருப்பிக் கொடுத்தார்.

"சொல்லும்மா" என்றான் பிளாஷ்.

அவள் குரலில் அழுகை சுத்தமாக இல்லை. "எத்தனை மணிக்கு அவரை விடுவாங்க?"

"சாயங்காலத்துக்குள்ள விட்டுடுவாங்க. இன்ஸ்பெக்டர் இங்கதான் இருக்கார்."

"நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள். "அண்ணே, ஒரு உதவி. அங்க இருக்கற துணைக் காப்பாளர்கிட்ட எங்க வீட்டுச் சாவி ஒண்ணு இருக்கு. அதை வாங்கி வச்சுக்குங்க."

அவள் போனை வைத்துவிட்டாள். பிளாஷ் கையை நீட்டினான். துணைக் காப்பாளருக்கும் அது கேட்டிருந்தது. பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, அதில் ஒரு சாவியை மட்டும் பிரிக்கப் பார்த்தார். வளையம் இறுக்கமாக இருந்தது, நகம் இரண்டு தடவை வழுக்கியது. இன்ஸ்பெக்டர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் பிளாஷ்தான் அந்தச் சாவியைக் கழற்றி எடுத்துக்கொண்டான்.